ஒரு கைதியைத் தொலைப்பது எப்படி: புதிய அதிகாரிகளுக்கு ஒரு கையேடு

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆய்வாளர்களே, மாஜிஸ்திரேட்டுகளே, சிறைக் கண்காணிப்பாளர்களே, இவர்கள் எல்லோரையும்விட முக்கியமான தலைமை எழுத்தர்களே!

மனநலம் குன்றிய ஒருவரைப் பல பத்தாண்டுகள் சிறையில் வைத்திருக்கக் கல்நெஞ்சம் வேண்டும் என்று வெளியில் பேசிக்கொள்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள் பேச்சு. இந்தத் தொழிலில் யாரும் யாரையும் வெறுக்கத் தேவையில்லை. கை நீட்டத் தேவையில்லை. ஒரு தபால் பதிவேடு, கதவு சரியாகச் சாத்தாத ஒரு பீரோ, அவ்வப்போது வரும் இடமாறுதல் உத்தரவு, இவை போதும். அவரவர் அவரவர் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, அடுத்த மேசையில் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் இருந்தால் மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

இத்துறையில் முறியடிக்கச் சிரமமான சாதனை அசாமுடையது. மோரிகாவ்ன் பகுதியில் சில்சாங் என்ற கிராமத்தைச் சேர்ந்த மச்சல் லாலுங் 1951இல் கைதானபோது அவருக்கு வயது 23. விடுதலையாகி வெளியே வந்தது 2005இல், 77 வயதில். 54 ஆண்டுகள். இடையில் ஒரு விசாரணைகூட நடந்து முடியவில்லை. எத்தனை ஆய்வாளர்கள், எத்தனை நீதிபதிகள், எத்தனை ஜெயிலர்கள் அந்த 54 ஆண்டுகளில் ஓய்வுபெற்று, மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை பேரும் சேர்ந்து செய்த வேலை அது. இதில் தனி ஒருவர் பெயர் வாங்க முடியாது என்பது மட்டும்தான் குறை.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் எடுத்த எடுப்பில் சறுக்குவது இங்கேதான். மனநோய் வசதியானவர் வீட்டிலும் வரும்தான். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளையைத் தொட்டால் மாலைக்குள் வக்கீல் வருவார், மறுநாள் தனியார் மருத்துவமனைச் சான்றிதழ் வரும், அதற்கும் முன்னால் மேலிடத்திலிருந்து போன் வந்துவிடும். உங்களுக்கு வேண்டியவர் வேறு. பஸ் ஸ்டாண்டில், ரயில்வே பிளாட்பாரத்தில், கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பார். பெயர் கேட்டால் சிரிப்பார், அல்லது உங்களுக்குப் புரியாத மொழியில் ஏதோ சொல்வார். லாலுங் திவா பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதையும் கவனியுங்கள். கோர்ட் படியேறி “எங்க ஆளு எங்கய்யா?” என்று கேட்க யாரும் இல்லாத வீடாக இருந்தால் பாதி வேலை அப்போதே முடிந்தது.

சில சமயம் நீங்கள் தேடிப் போகவே வேண்டாம். வீட்டாரே கூட்டிக்கொண்டு வருவார்கள். விடிந்தும் விடியாமலும் ஸ்டேஷன் வாசலில் ஒரு அம்மா நிற்பார், கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் பழைய மருந்துச் சீட்டுகள். “ஐயா, ராத்திரி பூரா கதவ ஒடைக்கிறான்யா. பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணச் சொல்றாங்க. நீங்க நாலு நாள் உள்ள வச்சீங்கன்னா நான் நாலு நாள் கண்ண மூடுவேன்.” இந்த அம்மாவிடம் மிகக் கவனமாக இருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரைக்குக் காசு வேண்டாம், 14416க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள் என்றெல்லாம் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996இலேயே வந்துவிட்டது என்ற செய்தி அவர் காதுக்கு இதுவரை போகவில்லை. நீங்கள் ஏன் கொண்டுபோக வேண்டும்? சொன்னால் அந்தப் பையன் நோயாளியாகிவிடுவான். நோயாளி என்றால் மருந்து சாப்பிட்டுத் தேறி, திரும்ப வேலைக்குப் போகும் அபாயம் உண்டு.

(சிறை கிடைக்காதவர்கள் சங்கிலிக்குப் போன கதையும் நம் ஊரிலேயே இருக்கிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, கட்டிப்போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். ஆனால் அது தனியார் துறை. இந்தக் கையேட்டின் எல்லைக்குள் வராது.)

பிரிவு போடுதல்

அந்தக் காலத்தில் இது சுலபம். மனநோயாளிகள் பற்றிய 1912ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது, குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளியையும் பாதுகாப்புக்காக என்று சொல்லிச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ‘குற்றம் செய்யாத பைத்தியம்’ என்று ஒரு இனமே சிறைப் பதிவேடுகளில் இருந்தது. குற்றம் செய்யாதவர் என்று தானே எழுதிக்கொண்டு, தானே உள்ளே பூட்டிவைத்த நேர்மையை இன்றைக்கு எந்த அலுவலகத்தில் பார்க்க முடியும்?

ஷீலா பார்சே என்ற பத்திரிகையாளர் வந்து காரியத்தைக் கெடுத்தார். சிறை சிறையாகப் போய்ப் பார்த்து, உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். குற்றம் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் சேர்ப்பது சட்டவிரோதம், அரசியல் சாசனத்துக்கும் விரோதம் என்று 1993இல் தீர்ப்பு வந்துவிட்டது. அது போதாதென்று 2017இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம். அதன் 100ஆவது பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதியது: தெருவில் திரிகிற மனநோயாளியைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது.

பயப்படாதீர்கள். அதே ஆள், அதே பஸ் ஸ்டாண்ட், அதே முணுமுணுப்பு. அவர் மேல் ஒரு முதல் தகவல் அறிக்கை போட்டுவிட்டால் அவர் நோயாளி இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர். திருட்டு முயற்சி, அத்துமீறி நுழைந்தது, பொது இடத்தில் தொந்தரவு, ஏதாவது ஒன்று. கடைக்காரர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் ஜீப் வேண்டும், கூட ஒரு கான்ஸ்டபிள் வேண்டும், அங்கே டாக்டர் வரும்வரை காத்திருக்க வேண்டும். சிறைக்கு அனுப்ப ரிமாண்ட் போதும். பாதி இன்ஸ்பெக்டர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. அவர்களிடம் ஜீப் இல்லை. நாம் அதைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

பிரிவைப் போடும்போது தாராளமாக இருங்கள். தண்டனைக் காலத்தில் பாதியை உள்ளேயே கழித்துவிட்ட விசாரணைக் கைதிக்கு ஜாமீன் என்று ஒரு தொல்லை சட்டத்தில் இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 479ஆவது பிரிவு. முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கே போதும் என்கிறார்கள். ஆனால் ஆயுள் தண்டனைக்கு இடம் இருக்கிற குற்றங்களுக்கு இந்தச் சலுகை இல்லை. பழைய சட்டத்தில் தூக்குக்கு மட்டும்தான் விலக்கு இருந்தது. புதியது உங்கள் சிரமத்தை உணர்ந்து ஆயுளையும் சேர்த்துக்கொண்டது. லாலுங் மேல் போட்டது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 326ஆவது பிரிவு, ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தது, அதிலும் ஆயுள் தண்டனை வரை போகலாம் என்றுதான் இருந்தது.

தீர்ப்பு வராமல் பார்த்துக்கொள்ளுதல்

கையேட்டின் உயிர்நாடி இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டால் உங்கள் ஆள் கைநழுவிப் போய்விடுவார். ஏனென்றால் தண்டனைக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. மூன்று ஆண்டு என்றால் மூன்று ஆண்டு. நன்னடத்தைக் கழிவு வேறு. உண்மையிலேயே திருடியவன் அப்படித்தான் வெளியே போய்விடுகிறான். நிரபராதி என்று தீர்ப்பானாலும் கஷ்டம். இரண்டும் இல்லாத ஒரு நிலையைச் சட்டமே ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறது. மனநலம் சரியில்லாததால் தன் தரப்பைச் சொல்லும் நிலையில் இல்லை என்று கோர்ட் முடிவு செய்தால், விசாரணை தள்ளிவைக்கப்படும். எதுவரை? தேறும்வரை. தேறிவிட்டார் என்று யார் சொல்ல வேண்டும்? மருத்துவமனை. யாரிடம்? கோர்ட்டிடம். கோர்ட் என்ன செய்ய வேண்டும்? வழக்கை மறுபடி எடுக்க வேண்டும். இந்த மூன்று கண்ணிகளில் எது அறுந்தாலும் போதும். தண்டனைக்கு முடிவு உண்டு, வாய்தாவுக்கு இல்லை.

இடைக்காலத்தில் ஜாமீனில் விடலாம் என்றும் சட்டம் சொல்கிறது. சொந்தக்காரரோ நண்பரோ வந்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பார்த்துக்கொள்கிறேன், யாருக்கும் தீங்கு வராது என்று எழுதிக்கொடுக்க வேண்டும். நீங்கள் ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அப்படி எழுதிக்கொடுக்க ஒருவரும் வரமாட்டார்.

ஆஜர்படுத்துவது பற்றியும் கவலை வேண்டாம். முன்பெல்லாம் வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று ஒரு வரி எழுதினால் வாய்தா விழும். இப்போது காணொளி வந்துவிட்டது. சிறையில் ஒரு நாற்காலி, எதிரே ஒரு திரை, வரிசையாக ஒவ்வொருவராக உட்காரவைத்து எழுப்புவார்கள். உங்கள் ஆளும் உட்காருவார். திரையைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்ப்பார். பெயர் கூப்பிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் வார்டர் “ஆஜர்” என்பார். காவல் நீட்டிப்பு. அடுத்த ஆள்.

உள்ளே அவர் ராத்திரியில் கத்தினால் தனி அறை. சாப்பிடாவிட்டால் பிடிவாதம். தனக்குத்தானே பேசினால், “நடிக்கிறான் சார், பெயிலுக்கு வழி பண்றான்.” சாந்தமாக மூலையில் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது, பிளாக்கிலேயே தொல்லை தராதவர் என்று பெயர் வாங்கிவிடுவார். தொல்லை தராதவரை யாரும் கணக்கெடுப்பதில்லை.

ஒரு கடிதம் வந்தால்

தேஜ்பூர் மனநல மருத்துவமனை 1967இல் லாலுங் தேறிவிட்டார் என்று சொன்னது. மூன்று கண்ணிகளில் முதலாவது ஒழுங்காக வேலை செய்துவிட்டது. அத்தனையும் பாழ் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. கவுஹாத்தி சிறைக்கு மாற்றினார்கள். நோயாளியாக 16 ஆண்டு, தேறிய மனிதராக 38 ஆண்டு. இதை இரண்டு முறை படியுங்கள். நம் துறையில் நோய் ஒரு ஆரம்ப மூலதனம் மட்டுமே. வேலையை ஓட்டுவது காகிதம்.

அப்படி ஒரு கடிதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தால் கிழிக்காதீர்கள், ஒளிக்காதீர்கள். அது குற்றம். முறைப்படி நடத்துங்கள். தபால் பிரிவில் வட்ட முத்திரை வைத்து எண் போடுங்கள். கண்காணிப்பாளர் பச்சை மையில் சுருக்கொப்பம் இடட்டும். பிரிவு எழுத்தர் ஓரத்தில் “முன்கோப்புடன் வைக்கவும்” என்று எழுதட்டும். முன்கோப்பு பழைய கோர்ட்டில் இருக்கும். பழைய கோர்ட் வேறு கட்டடத்துக்குப் போயிருக்கும். மாவட்டம் பிரிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மோரிகாவ்னே 1989இல்தான் நகாவ்னிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. “தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது” என்று முகப்புக் கடிதம் வைத்து மேலே அனுப்புங்கள். மேலிருந்து “தெளிவுரை கோரி” திரும்பி வரும். அதற்குள் நீங்கள் மாறுதலில் போயிருப்பீர்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு நிலுவைக் கோப்புகள் நிறைய.

விடுதலைத் தீர்ப்பே வந்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம் என்பதற்கு பிகாரின் ருதுல் ஷா வழக்கு இருக்கிறது. 1968 ஜூனில் அவரைக் கோர்ட் விடுவித்தது. முசாபர்பூர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1982 அக்டோபரில். பதினான்கு ஆண்டுகள். ஏன் என்று உச்ச நீதிமன்றம் கேட்டபோது, மனநிலை சரியில்லாதவர் என்று பதில் போயிற்று. என்ன நோய், யார் பார்த்தது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்றால் காட்ட ஒன்றும் இல்லை. 1977 பிப்ரவரியில் சிவில் சர்ஜன், இவர் நன்றாக இருக்கிறார் என்று எழுதினார். மூன்றே நாளில் அந்தத் தகவல் சட்டத்துறைக்குப் போய்விட்டது. அரசு அலுவலகத்தில் மூன்று நாள் என்பது மின்னல் வேகம். அதற்குப் பிறகு ஐந்தரை ஆண்டுகள்.

உத்தரப் பிரதேசமும் சளைத்ததல்ல. பைசாபாத்தில் 1968இல் கைதான ஒருவர் விசாரணை இல்லாமல் 38 ஆண்டுகள் மனநோயாளி என்ற கணக்கில் காவலில் இருந்தார். வழக்குக் கட்டைத் தேடினால் காணவில்லை.

சான்றிதழ்

இது இரண்டு நிமிட வேலை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆவது பிரிவுப்படி, சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல ஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். என்ன அறிக்கை தெரியுமா? சிறையில் மனநோயாளிகள் எத்தனை பேர் என்று அல்ல. சிறையில் மனநோயுள்ள கைதிகள் யாரும் இல்லை என்று சான்றளிக்கும் அறிக்கை. விடையை அச்சடித்துக் கொடுத்த பரீட்சை இதைத் தவிர வேறு எங்கும் கிடையாது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

யாராவது உண்மையிலேயே எண்ணிப் பார்த்தால்தான் சிக்கல். பெங்களூர் மத்தியச் சிறையில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் 5,024 கைதிகளைப் பார்த்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், போதைப் பழக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 1,389 பேருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது. நூற்றுக்கு 27 பேருக்கு மேல். அப்படிப்பட்ட டாக்டர்களை உள்ளே விட்டது யார் என்று விசாரியுங்கள்.

செலவு

மேலிடத்தில் கேட்பார்கள், தயாராக இருங்கள். ருதுல் ஷாவுக்கு உச்ச நீதிமன்றம் 1983இல் இடைக்கால நிவாரணமாக 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அரசு ஏற்கெனவே கொடுத்தது 5,000. வகுத்துப் பார்த்தால் ஒரு நாளுக்கு ஏழு ரூபாய்கூட ஆகவில்லை. லாலுங்குக்கு 3 லட்சம் ரூபாயும் மாதம் 1,000 ரூபாயும். அந்த 3 லட்சம் நாளொன்றுக்குப் பதினைந்து ரூபாய். இன்று ஒரு டீ, ஒரு வடை. மாதம் 1,000 நீண்ட நாள் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, 2007 கடைசியில் அவர் காலமாகிவிட்டார். எல்லாமே அரசு கஜானாவிலிருந்து. உங்கள் சம்பளத்தில் பிடித்தம் இல்லை.

ஹசாரிபாக் சிறையில் மனநோயாளிகள் என்று பத்தாண்டுக் கணக்கில் அடைபட்டு, அவர்களில் தேறியவர்களும் வெளியே வராமல் கிடந்த வழக்கில் (1982), விடுவிக்கும்போது ஊர் போய்ச் சேர வழிச்செலவும் ஒரு வாரச் சாப்பாட்டுக்குப் பணமும் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வர ஒரு வாரம் போதும் என்று கணக்குப் போட்டிருக்கலாம்.

லாலுங்கை விட்டபோது சொந்த ஜாமீன் பத்திரம் கேட்டார்கள். தொகை ஒரு ரூபாய். 54 ஆண்டு உள்ளே வைத்த பிறகும் சும்மா விட மனம் வரவில்லை, ஃபார்மில் ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கும்.

யாரிடம் எச்சரிக்கை

பெரிய மனிதர்களிடம் அல்ல. ஹசாரிபாக் விவகாரம் வெளியே வந்தது ஒரு இலவசச் சட்ட உதவிக் குழு உச்ச நீதிமன்ற நீதிபதி பகவதிக்கு எழுதிய கடிதத்தால். லாலுங் விவகாரத்தில் தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்டது. யாரோ ஒருவர் ஒரு சிறைக்குள் போய், ஒரு பதிவேட்டைத் திறந்து, கைதான தேதியை விரல் வைத்துப் படித்து, “என்னய்யா இது, 1951?” என்று கேட்டால் தீர்ந்தது கதை. ஆகவே பதிவேட்டில் கைதான தேதி இருக்கும் பக்கத்தைச் சற்று உள்ளே வையுங்கள்.

2007இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு தொல்லையும் கொடுத்திருக்கிறது. மருத்துவமனையிலிருந்து வர வேண்டிய அறிக்கைகள் வராவிட்டால் கோர்ட்டே கேட்டு வாங்க வேண்டும். குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையைவிட அதிக நாள் உள்ளே இருந்துவிட்டால் வழக்கையே முடித்துவிட வேண்டும், ஆயுளும் தூக்கும் தவிர. இந்த உத்தரவு அமலாகாமல் இருக்க நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எதுவும் செய்யாமல் இருந்தால் போதும். 2022 முடிவில் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கையேடு அலுவலக உபயோகத்துக்கு மட்டும். பொதுமக்கள் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக அந்தப் பிளாஸ்டிக் பை அம்மா போன்றவர்கள் கைக்கு. காவலில் இருக்கும் எவருக்கும், மனநல மருத்துவமனையில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண் 15100. பொதுமக்களில் யாராவது இதுவரை படித்துவிட்டிருந்தால், தயவுசெய்து அந்த எண்ணை எங்கும் எழுதிவைக்க வேண்டாம்; பக்கத்து வீட்டாரிடமும் சொல்ல வேண்டாம்.